அரை மில்லிமீட்டர் நகர்ந்தால்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீடுகளின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் வளர்கிறார்கள். பேஸ்பால், பாஸ்கெட்பால் வீரர்களின் படம் போட்ட கார்டுகளை அங்கே சேர்க்கிறார்கள். "தாத்தா, பர்த்டேக்கு கார்டு வாங்கப் பணம் தருவியா?" என்று கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு கொடுங்கள். அதற்காகத்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

1986-ல் ஃப்ளீர் கம்பெனி போட்ட மைக்கேல் ஜோர்டன் கார்டு ஒன்று உண்டு. இவற்றுக்குத் தரம் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடித் தர பிஎஸ்ஏ, பெக்கெட், எஸ்ஜிசி என்று கம்பெனிகள் இருக்கின்றன. பிஎஸ்ஏ-யில் 10 வாங்கிய ஜோர்டன் கார்டு 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. (பிறகு அந்த விலை நன்றாகவே இறங்கியது, அது வேறு கதை.) அதே கார்டு 9 வாங்கியிருந்தால் அதில் சிறு பங்குதான் கிடைத்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தரம் பார்ப்பவர்கள் முக்கியமாக நான்கைப் பார்க்கிறார்கள்: முனை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்பது. முதல் மூன்றும் பெரும்பாலும் வைத்திருப்பவர் கையில். நான்காவது அப்படியில்லை. ஒரு பெரிய தாளில் நூறு கார்டு, நூற்றுச்சொச்சம் கார்டு என்று அச்சடித்து, தாள்களை அடுக்கி, கத்தி இறக்கி வெட்டுவார்கள். தாள் கொஞ்சம் நகர்ந்தால் படம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பபிள்கம் பாக்கெட்டில் குழந்தைகளுக்கு வைத்துக் கொடுத்த சாமானை அந்தக் காலத்தில் யார் அளந்து பார்த்தார்கள்? 1952-ல் டாப்ஸ் வெளியிட்ட மிக்கி மேன்டில் கார்டுகளில் இந்தக் குறை சகஜம். எஸ்ஜிசி 9.5 போட்ட ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது.

கணக்கு எளிது. இடது ஓரம் 3 மி.மீ., வலது ஓரம் 2 மி.மீ. என்றால் மொத்தம் 5; விகிதம் 60/40. மேல், கீழ் ஓரங்களையும் இப்படியே அளக்க வேண்டும். இரண்டில் எது மோசமோ அதுதான் கணக்கு. பிஎஸ்ஏ பல வருடங்களாக 10 மதிப்பெண்ணுக்கு முன்பக்கத்தில் ஏறத்தாழ 60/40 வரை ஏற்றுக்கொண்டது. இப்போது 55/45 என்று இறுக்கிவிட்டார்கள். நம் 5 மி.மீ. கணக்கில் அது 2.75-ம் 2.25-ம். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்! பின்பக்கத்துக்குச் சலுகை அதிகம்.

குறை பெரிதாக இருந்தால் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'ஓசி' என்று எழுதுவார்கள். நடு தவறியது என்று அர்த்தம். '9 ஓசி' வாங்கிய கார்டு சந்தையில் கிட்டத்தட்ட 7 வாங்கியதன் விலைக்குத்தான் போகும். எழுத்து வேண்டாம் என்று கேட்டால் மதிப்பெண்ணையே குறைத்துப் போடுவார்கள். பி.காம். படித்தவர்களுக்கு இது பரிச்சயமான விஷயம். "இந்த ஒன்றைத் தவிர கணக்கு சரி" என்று ஆடிட்டர் எழுதுவார் அல்லவா, அதே மாதிரி. பலருக்கு அந்த எழுத்து பிடிப்பதில்லை. எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, குறை இது ஒன்றுதான் என்று வாங்குபவருக்குத் தெரிகிறதே!

இனி முக்கியமானது. அகலமான ஓரத்தைக் கொஞ்சம் சீவிவிட்டால் படம் நடுவுக்கு வந்துவிடும் அல்லவா? இந்த யோசனை பலருக்கு வந்திருக்கிறது. சீவியது தெரிந்தால் மதிப்பெண்ணே கிடையாது, 'திருத்தப்பட்டது' என்று முத்திரை விழும். ஓரம் வெட்டுவது எவ்வளவு பெரிய இடத்திலும் நடக்கும் என்பதற்கு ஹோனஸ் வாக்னர் கார்டு சாட்சி. சுமார் 1910-ல் சிகரெட் பாக்கெட்டோடு வந்தது. 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலர் கொடுத்து வாங்கினார். பிஎஸ்ஏ அதற்கு 8 போட்டது. ஓரங்களை வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 22 வருடம்! ஆகவே உறை மேல் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், உள்ளே இருக்கும் கார்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டல்லஸில் இருக்கும் என் பேரனுக்கு வயது 13. பாக்கெட் மணியில் வாங்கிய ஒரு பேஸ்பால் கார்டை இரண்டு வருடமாக உறை போட்டு, கைபடாமல் வைத்திருக்கிறான். தரம் பார்க்க அனுப்பத் துடித்தான். வீடியோ காலில் ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். 3.5-ம் 1.5-ம் வந்தது. 70/30. முனை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் 9, 10 கிடைக்க வழியில்லை. கட்டணமும் தபால் செலவும் கார்டின் விலையைத் தாண்டிவிடும். "நான் எதுவும் பண்ணலையே தாத்தா" என்றான். உண்மைதான், அவன் பிறப்பதற்கு முன்பே அச்சகத்தில் நடந்தது அது. அனுப்பவில்லை. கார்டு இப்போது அவன் மேஜை மேலேயே இருக்கிறது.

லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது கார்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்னிடம் டிஜிட்டல் வெர்னியர் ஒன்று இருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்து அளந்து பார்ப்போம்.