கொல்லாது அறிதல்

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சமண முனிவர்கள் அருளிய நாலடியாரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1893-இல் வெளியிட்டவர் ஜி. யு. போப். அவர் 1840களில் சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றிய ஊர் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள சாயர்புரம். செம்மணல் தேரியும் பனையும் உடைமரமும் நிறைந்த வறண்ட நிலம் அது. அத்தகைய வறண்ட, மரங்கள் இடைவிட்டு நிற்கும் வெளிகளையே விரும்பும் ஒரு சிறு பறவை உண்டு. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்பது அதன் பெயர்.

முதற் பார்வையில் அதனை நம் வீட்டுக் கூரையில் வாழும் சிட்டுக்குருவி என்றே எண்ணத் தோன்றும். உற்று நோக்கினால் வேறுபாடு விளங்கும். சிட்டுக்குருவியின் அலகு தடித்தது. இதன் அலகு மெலிந்து கூரியது. சிட்டுக்குருவியின் முதுகில் கருங்கோடுகள் உண்டு; இதன் முதுகில் கோடுகள் இல்லை. இறக்கையில் வெண்பட்டைகள் இரண்டு. ஆணின் தோளில் செம்பழுப்புத் திட்டும் தொண்டையில் மஞ்சள் புள்ளியும் காணப்படும். பெண்ணிடம் அம்மஞ்சள் தெளிவாகத் தெரியாது. ஆதலால் தொண்டையை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் பிழைபடுவர். ஒரு பொருளைப் பல கோணங்களில் ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும் என்னும் அனேகாந்தக் கொள்கை, ஒரு குருவியை இனங்காணவும் துணை நிற்கிறது.

இப்பறவை இந்தியப் பறவையியல் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சி நெஞ்சைத் தொடுவது. 1896-இல் பிறந்த சலீம் அலி, பம்பாயில் தம் மாமா அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, இது உண்ணத்தக்கதுதானா என்று ஐயுற்றார். மாமாவின் வழிகாட்டலால் அவ்வுடலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். கழகத்தின் செயலாளர் மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்கண்டு கூறினார். பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் சிறுவனுக்குத் திறந்து காட்டினார். ஓர் உயிரின் வீழ்ச்சி ஒரு மாபெரும் அறிஞரைத் தோற்றுவித்தது. 1985-இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு அவர் இட்ட தலைப்பும் ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்பதே.

அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அக்காலத்தில் பறவையைக் கையில் வைத்துப் பார்த்தாலன்றி அதன் இனத்தை உறுதி செய்வது அரிது. ஆய்விற்காகப் பறவைகளைச் சேகரிப்பது இன்றியமையாதது என்றே அவர் கருதினார். அவர் 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலோ, தொலைவில் நின்று பறவையை அறியும் வழியைப் பல்லாயிரம் பேருக்குத் திறந்து விட்டது. இன்று பைனாகுலரும் நிழற்படக் கருவியும் நம் கையில் உள்ளன. எனவே, பொழுதுபோக்காகப் பறவை காண்பவர் ஓர் உயிரையும் நோகச் செய்ய வேண்டிய தேவையில்லை.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என மூன்று மணிகளை நம் சமயம் போற்றுகிறது. அவற்றின் ஆழ்ந்த பொருள் வேறு. எனினும் அம்மூன்றின் வரிசை இங்கும் பொருந்தும். குருவியைக் காண்பது காட்சி. அதன் இனத்தை ஐயமற உணர்வது ஞானம். அத்துடன் நின்றுவிட்டால் பயன் குறைவே. படம் எடுக்கும் ஆவலில் கூட்டை நெருங்குவதும், பதிவு செய்த குரலை ஒலித்துப் பறவையை அலைக்கழிப்பதும் நம் அறத்திற்கு ஒவ்வா. அடிவைக்கும் இடத்திலும் உயிர் நோகலாகாது என்னும் ஈரியா சமிதியை மேற்கொண்டோர் வழிவந்தவர் நாம். பார்வையிலும் அந்த எச்சரிக்கை வேண்டும்.

மஞ்சள் தொண்டைச் சிட்டு மரப்பொந்துகளில் கூடு கட்டும் பறவை. நம் தோட்டத்திலோ வயல் வரப்பிலோ பொந்துள்ள முதுமரம் ஒன்று நிற்குமாயின், பட்டுப்போயிற்று எனக் கருதி உடனே வெட்டி விடாதீர்கள். அது வெறும் விறகன்று. யாரோ ஒருவர் குடியிருக்கும் வீடு. அம்மரத்தை நிற்க விடுவதும் கொல்லாமையே.