பேரணை வரை ஒரு மார்கழிப் பயணம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியியலும் வாழ்க்கையும் என்கிற மாதிரி ஏதாவது பேசச் சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் வராது. ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2010 மார்கழி. எங்களுக்குக் கடைசி வருஷம். பரீட்சை முடிந்து, பிராஜெக்ட் வேலை இருந்த சிலர் மட்டும் விடுதியில் தங்கியிருந்தோம். விடிகாலை நாலரை மணி. திருப்பரங்குன்றம் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கிறது. போர்வையை இழுத்து மூடுகிறேன், அடுத்த கட்டிலில் இருந்தவன் என் காலைப் பிடித்து உலுக்குகிறான்.

“மாப்ள, வண்டியை எடுறா. பேரணை வரைக்கும் போயிட்டு வருவோம்.”

அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லக்கூடாது என்று போனிலேயே சத்தியம் வாங்கிவிட்டான். மேலூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர்க்காரன். வண்டி என் அப்பாவுடைய பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். எதற்குப் பேரணை, இந்த நேரத்தில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் யார் கேட்டார்கள்?

காளவாசல் தாண்டி, கோச்சடை, துவரிமான், மேலக்கால் என்று வைகையை ஒட்டிய ரோடு. பனி என்றால் ஊட்டிப் பனி இல்லை, மதுரைக்காரனுக்குப் போதுமான பனி. துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியும் பல் தந்தியடித்தது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. பின்னால் உட்கார்ந்தவன், காற்றுக்குப் பயந்து என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாட்டுப் பாடினான். சகிக்கவில்லை. தென்கரைப் பாலத்தில் நிறுத்தி ஆற்றைப் பார்த்தோம். வெள்ளையாகப் புகை மட்டும்தான் தெரிந்தது, சத்தத்தை வைத்துத்தான் தண்ணீர் ஓடுகிறது என்று கண்டுபிடித்தோம். சோழவந்தானில் டீ. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவர்களும் மாலை போட்ட அய்யப்பசாமிகளும் கடையை நிறைத்திருந்தார்கள்.

பேரணைக்குப் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்துவிட்டது. ஷட்டர்களுக்கு அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு பெரியாறு பிரதானக் கால்வாயில் இறங்குவதைப் பார்த்தோம். மதுரையில் நான்கு வருஷம் பொறியியல் படித்தவன், இந்த இடத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். மேற்கே போகிற பெரியாற்றை 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள் என்பது தெரியும். பென்னிகுவிக் பெயரும் தெரியும். 1959-ல் வந்த வைகை அணை தெரியும், 71 அடி என்று கேட்டால் சொல்வேன். அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது? அதை அவன்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான். இங்கிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். இந்த எண்களை ஊர்க்காரர்கள் வீட்டு நம்பர் மாதிரி ஒப்பிப்பார்களாம்.

“இங்க திறந்தா எங்க ஊருக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போடு” என்றான்.

நான் மேனிங் சமன்பாட்டை நினைவுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் மழுப்பி, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம், அறுபது கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டு, பதினேழு மணி நேரம் என்றேன்.

சிரித்தான். “நாலு நாள் ஆகும்டா. மேல இருக்குற கண்மாயெல்லாம் நெறையணும், மடைக்கு மடை முறை வைப்பாங்க. சில வருஷம் வராமலே போயிரும்.”

திரும்பும்போது வாய்க்காலைத் தொட்டும் விட்டும் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், கள்ளந்திரி என்று வந்தோம். கள்ளந்திரி தாண்டியதும் என்னை நிறுத்தச் சொல்லி அவன் வண்டியை வாங்கிக்கொண்டான். மேலூருக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். தண்ணீர் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குள் போகாமல் நேராக வயலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஒன்றரை ஏக்கர், கடைமடை. அவனுடைய அப்பா மண்வெட்டியோடு மடையில் நின்றுகொண்டிருந்தார். “வாங்க தம்பி, பனியில வந்திருக்கீகளே” என்றார். அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார்கள்.

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தான். நாலு பக்கமும் ஒரு சுற்று. முடிந்தது என்று எழுந்தேன், இன்னொரு சுற்று ஆரம்பித்தான். பதினொரு மணிக்கு பிராஜெக்ட் கைடைப் பார்க்க வேண்டும். எனக்கு எரிச்சல். “டேய், என்னடா கோயிலைச் சுத்துற மாதிரி சுத்துற, நேரமாச்சு” என்று கத்தினேன். அவன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2018-ல் அவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அவனுடைய அப்பா, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அன்னைக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் வந்தீகள்ல தம்பி, அதுக்கு மறு வாரம்தான் கிரயம் பண்ணுனோம். மக கல்யாணக் கடன், இவன் கடைசி ஃபீசு, எல்லாத்தையும் சேத்துக் கட்டி முடிச்சோம்.”

இலையில் என்ன இருந்தது என்று இப்போது நினைவில்லை. நாலு வருஷம் பக்கத்துக் கட்டில். சோப்பு முதல் ஸ்கேல் வரை பொதுவாக வைத்திருந்தோம். இதை மட்டும் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவில் அவனிடமே கேட்டேன். “சொல்லியிருந்தா நீ என்னடா பண்ணியிருப்ப? உங்க அப்பாட்ட வண்டியை விக்கச் சொல்லியிருப்ப” என்று சிரித்தான். உண்மையில் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஸ்ப்ளெண்டருக்கு என்ன விலை வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இப்போது அவன் ஓமானில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பராமரிப்புப் பொறியாளர். லீவு கிடைக்காததால் இன்று வர முடியவில்லை. அந்த வயல் இன்று வேறொருவருடையது. ஆனாலும் கால்வாயில் தண்ணீர் திறந்த செய்தி எனக்கு முன்னால் அவனுக்குத்தான் எட்டுகிறது. போன தடவை ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். “மாப்ள, பேரணையில திறந்துட்டாங்களாம். கடைமடைக்கு வந்துருச்சான்னு பாத்துச் சொல்லுடா.”

ஸ்ப்ளெண்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆறேழு தடவை உதைத்தால் கிளம்பும். மூன்றாம் நாள் காலையில் போனேன். இன்னும் வரவில்லை. நான்காம் நாள் மறுபடி போனேன், வந்திருந்தது. மடையில் ஓடிய தண்ணீரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.