பாரம் அறிந்து காற்று நிரப்புக

(பொங்கலூரில் கூடிய நமது சங்கத்தாரிடை நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது கூட்டங்களில் கல்வியைப் பற்றியும் விவாகச் செலவைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் லாரியின் முன்சக்கர டயருக்கு நிரப்பும் காற்றாகும். இஃது அற்ப விஷயமென்று எவரும் எண்ணற்க. நம் ஊரின் வழியே செல்லும் கோவை - திருச்சி நெடுஞ்சாலையில் இரவு பகலாகப் பஞ்சுப் பொதியும் நூலும் பின்னலாடையும் கோழித் தீவனமும் தேங்காய்ப் பருப்பும் ஏற்றிய கனரக வண்டிகள் ஓடுகின்றன. அவற்றை உடையவர்களும் ஓட்டுகிறவர்களும் நம் குடும்பங்களில் பலர் உளர். அவர்கள் உயிரும் பொருளும் எதன்மேல் நிற்கின்றன என்பதை அறிந்துகொள்ளுதல் நமது கடமையன்றோ?

ஜான் பாய்டு டன்லப் என்பார் 1888-ஆம் ஆண்டில் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அன்று முதல் இன்றுவரை மாறாத உண்மை ஒன்றுண்டு. வண்டியின் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் ரப்பரன்று. ரப்பருக்குள் அடைபட்ட காற்றேயாம். ரப்பரும் கம்பியும் அக்காற்றைச் சிதறாமல் பிடித்திருக்கும் பாத்திரம் போல்வன. ஆதலின் எவ்வளவு பாரமோ அதற்குத் தக்க காற்று வேண்டும். குறைந்தாலும் பிழை, மிகுந்தாலும் பிழை.

முன்சக்கரத்தை மட்டும் யாம் தனியே எடுத்துக் கூறுவதேன்? பின்னச்சில் பக்கத்திற்கு இரண்டு டயர்கள் உள்ளன. ஒன்று போனால் மற்றொன்று சிறிது நேரமேனும் தாங்கும். முன்னச்சில் பக்கத்திற்கு ஒன்றே. அது வெடித்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுத்துச் செல்லும். திசை ஓட்டுநரின் கையில் நில்லாது. எதிரே வருபவரும் ஓரத்தில் நடப்பவரும் அந்தக் கணத்தில் அவரோடு அபாயத்தில் விழுகின்றனர்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி மடங்கிச் சூடேறும். இரு ஓரங்களும் முதலில் தேயும். டீசலும் கூடுதலாகச் செலவாகும். சித்திரை வெயிலில் பாரத்துடன் நெடுந்தூரம் ஓடும்போது அந்தச் சூடே வெடிப்புக்குக் காரணமாகிறது. காற்று மிகுந்தால் டயர் தரையில் படும் பரப்புச் சுருங்கும். நடுப்பகுதி மட்டும் தேயும். ஈரச் சாலையில் பிடிப்புக் குறையும். குழியிலும் கல்லிலும் மோதும்போது உள்ளிருக்கும் கம்பி அறுபடும்.

இனி, சரியான அளவைத் தெரிவது எங்ஙனம்? டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்து அவ்வளவும் நிரப்புவது பலர் வழக்கம். அந்த எண், அந்த டயர் தன் உச்ச பாரத்தைச் சுமக்கும்போது வேண்டிய காற்றைக் குறிப்பது. எல்லா வண்டிக்கும் எல்லா நாளைக்கும் உரிய கட்டளையன்று.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு வண்டியின் முன்னச்சில் 7,000 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். டயர் ஒன்றுக்கு 3,500 கிலோ. 295/80ஆர்22.5 என்னும் அளவில் 152 என்ற சுமைக் குறியெண் உடைய டயரானால் அதன் உச்ச பாரம் 3,550 கிலோ; அதற்குச் சதுர அங்குலத்துக்குச் சற்றேறக்குறைய 123 பவுண்டு காற்று வேண்டும். ஆகவே ஏறத்தாழ முழு அளவும் நிரப்பியே தீர வேண்டும். அதே பாரத்தை 385/65ஆர்22.5 என்னும் அகன்ற டயரில், 160 என்ற குறியெண் உடையதில் ஏற்றினாலோ, அது ஏறத்தாழ 130 பவுண்டில் 4,500 கிலோ சுமக்கவல்லது. ஆகையால் நம் 3,500 கிலோவுக்குச் சுமார் 95 பவுண்டே போதும். அகலம் மிகுதலால் உள்ளே காற்றுக்கு இடம் மிகுதி. அதனால் குறைந்த அழுத்தத்திலேயே அதே பாரத்தைத் தாங்குகிறது. அகன்ற டயரை வாங்கிப் பூட்டிவிட்டு 130 நிரப்புவோர் விலை கொடுத்து வாங்கிய நன்மையைத் தாமே இழக்கின்றனர். ஒவ்வொரு தயாரிப்பாளரும் பாரத்துக்குரிய காற்றளவை அட்டவணையாக வெளியிடுகின்றனர்; யாம் கூறியது வழிகாட்டும் கணக்கு, அந்த அட்டவணையே முடிவு. வண்டி எடை மேடையில் நின்றதைவிடச் சிறிது கூடுதலாகப் பாரம் ஏறும் நாளும் உண்டாதலின், அட்டவணை காட்டும் அளவுக்கு மேல் ஐந்து பவுண்டு சேர்த்து வைத்தல் தகும். ஆனால் டயரும் ரிம்மும் தாங்கும் உச்ச அளவை எக்காரணம் பற்றியும் மீறலாகாது.

பாரத்தை அறிவது கடினமன்று. சரக்கேற்றி, டீசல் நிரப்பி, ஆட்களும் அமர்ந்தபின், முன்சக்கரங்கள் மட்டும் எடை மேடையில் நிற்கும்படி நிறுத்தி எடைபோட்டுச் சீட்டு வாங்குக. நம் முன்னோர் மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரமா பின்பாரமா என்று பார்த்தே அடுக்கினர். முன்பாரம் மிகுந்தால் காளையின் கழுத்து நோகும். லாரியிலோ அந்த முன்பாரத்தை முன்டயர் சுமக்கிறது. மொத்த எடை சரியாக இருந்தும், சரக்கை முன்னே தள்ளி அடுக்கினால் முன்னச்சு வரம்பை மீறும்.

காற்றைக் கூட்டினால் பாரத்தையும் கூட்டலாம் என்றொரு எண்ணம் நம்மவரிடை உலவுகிறது. இது முற்றும் தவறு. உச்ச அளவுக்கு மேல் எவ்வளவு அடைத்தாலும் டயரின் சுமைத்திறன் ஓர் அவுன்சும் உயராது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்திற்று. மூன்றச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. இதனைக் காட்டிப் பழைய வண்டியிலும் மிகுதியாக ஏற்றுதல் கூடாது. அதன் பதிவுச் சான்றில் உள்ள எடையே அதற்கு வரம்பு.

காற்றைச் சோதிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். ஓடிய வண்டியானால் மூன்று மணி நேரமேனும் நின்றபின் அளக்கலாம். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் 120 பவுண்டு காற்று ஏறத்தாழ நான்கு பவுண்டு ஏறும். ஓடிச் சூடேறிய டயரில் காற்று கூடியிருக்கக் கண்டு அதனை இறக்கிவிடுவோர், மறுநாட்காலையில் குறைந்த காற்றுடன் புறப்படுகின்றனர். இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பதும் காலால் உதைத்துப் பார்ப்பதும் சோதனையாகா. ரேடியல் டயரின் பக்கம் சரியான காற்றிலும் சிறிது பிதுங்கியே இருக்கும், கண்ணும் ஏமாறும். அளவுமானியே சாட்சி. முன்னிரு டயர்களிலும் ஒரே அளவு இருத்தல் வேண்டும். வால்வு மூடியும் தவறாதிருக்க வேண்டும்.

உரிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபடி பாரத்துடன் ஓடிய டயரை அப்படியே நிரப்பலாகாது. ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்த்து, பழுதில்லையெனத் தெரிந்தபின், இரும்புக் கூண்டுக்குள் வைத்து, விலகி நின்றே நிரப்புதல் வேண்டும். அங்ஙனம் செய்யாத பஞ்சர் கடைகளில் வேலை செய்யும் சிறுவர்களின் உயிருக்கே ஆபத்து. ஓடும்போது முன்டயர் வெடித்துவிடின், திடீரெனப் பிரேக்கை மிதியாமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேரே செலுத்தி, வேகத்தை மெல்லக் குறைத்து ஓரம் சேர்த்தல் வேண்டும்.

கனவான்களே! எவ்வளவு சரக்கு, எவ்வளவு காற்று என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் வண்டிக்குச் சொந்தக்காரர். அந்தத் தீர்மானத்தின்மேல் அமர்ந்து இரவெல்லாம் தூத்துக்குடிக்கு ஓட்டிச் செல்பவரோ வேறொருவர். அவர் நம் குலத்தவராயினும் பிற குலத்தவராயினும் ஒரு வீட்டின் விளக்கு. எனவே லாரி உடைய ஒவ்வொரு குடும்பத்தாரும் நல்ல அளவுமானி ஒன்றும், முன்னச்சின் எடையும் அன்றாடக் காற்றளவும் எழுதும் குறிப்பேடு ஒன்றும் வண்டிக்குள்ளேயே வைக்க வேண்டுமென்றும், காற்று குறைந்திருப்பதாக ஓட்டுநர் கூறி வண்டியை நிறுத்தினால் அந்த நாளின் கூலியைப் பிடிக்கலாகாதென்றும் இச்சபையாரை வேண்டிக்கொள்கிறோம். ஒரு டயரின் விலையும் ஒரு நாளின் வாடகையும் மீளப் பெறத்தக்கவை. உயிர் அங்ஙனமன்று.