குறைந்த நீரில் நெல்



மாரி பொய்த்தால் நம் புத்தளக் கரையோரத்துக் குளங்கள் வற்றும். கிணற்றை மிக இறைத்தாலோ உவர் ஏறும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு வந்த தடை அவ்வாண்டே நீங்கினும், கமக்காரர் தவித்ததை நாம் மறக்கவில்லை.

1983இல் மடகாஸ்கர் தீவிலே, லவுலானியே என்னும் இயேசு சபைப் பாதிரியார் 15 நாள் இளநாற்றை ஒவ்வொன்றாய், 25 சென்ரிமீற்றர் இடைவிட்டு நடுவித்தார். நீரைத் தேக்காது வயலை நனையவும் காயவும் விட்டார். வேருக்குக் காற்றுக் கிடைத்தது. ஒற்றை நாற்றே பல மட்டம் வெடித்தது. பின்னர் அங்கே உர மானியம் நின்றபோது கூட்டெரு கைகொடுத்தது. தமிழ்நாட்டில் இதுவே செம்மை நெல் சாகுபடி.

ஆனால், நீர் நில்லாத வயலில் களை மண்டும். களைகருவியைப் பலமுறை தள்ள வேண்டும். பெரியோர்களே, ஒரேயொரு பாத்தி தாருங்கள். தள்ள நாங்கள் வருகிறோம்.