தைத்திருநாளும் செய்ந்நன்றி அறிதலும்



தை முதல் நாள் கதிரவனுக்கு உரியது. இரண்டாம் நாள் கால்நடைக்கு. மூன்றாம் நாள் பெரியோரையும் சுற்றத்தாரையும் காண்பதற்கு. பொங்கல் ஒரு நன்றித் திருவிழா என்பது மேடைதோறும் சொல்லப்படுவதே. ஆனால், நன்றியை எவ்வாறு செலுத்துவது என்னும் வினா அங்கு எழுவது அரிது.

இன்று 'நன்றி' என்பது வாயால் சொல்லி முடிக்கும் ஒரு சொல். பழந்தமிழிலோ அச்சொல்லுக்கு நன்மை, உதவி என்பன பொருள். வள்ளுவர் 11ஆம் அதிகாரத்திற்கு இட்ட பெயர் 'செய்ந்நன்றி அறிதல்', 'கூறல்' அன்று. உதவி எந்தக் காலத்தில் வந்தது, பயன் கருதாமல் வந்ததா என்று எண்ணிப் பார்க்கும் அறிவையே அவர் நன்றி என்கிறார்.

அதிகார வைப்பும் சிந்திக்கத் தக்கது. 10ஆம் அதிகாரம் இனியவை கூறல். 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. இன்சொல்லோடு நன்றி முடிந்துவிடவில்லை. நன்றி செய்தாரை நினைக்குமிடத்து நடுவு நிலைமை சிதையக்கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்கே அவ்வதிகாரம் அடுத்து வைக்கப்பட்டது என்பது பரிமேலழகர் கருத்து.

இதற்குச் சான்றாக வாழ்ந்தவர் ஆலத்தூர் கிழார். செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்வே இல்லை என்னும் அறத்தைப் புறநானூற்றின் 34ஆம் பாட்டில் எடுத்துக்காட்டி, கிள்ளிவளவனை வாழ்த்தியவர் அவர். அவ்வளவனே கருவூரை முற்றுகையிட்டபோது 36ஆம் பாட்டைப் பாடியவரும் அவரே. காவல் மரங்கள் வெட்டுண்ணும் ஓசை கேட்டும் கோட்டைக்குள் அடங்கிக் கிடப்பவனோடு போரிடுவது நாணத்தக்கது என்று இடித்துரைக்கிறார். வாழ்த்தியதும் நன்றி, இடித்துரைத்ததும் நன்றி. பரிசில் பெற்ற கை, நாவைக் கட்டவில்லை.

பொங்கலின் சிறப்பும் இங்கேதான் விளங்குகிறது. கதிரவன் புகழ்ச்சிக்கு மயங்கி மிகுதியாகக் காய்வதில்லை. கொம்புக்கு வண்ணம் பூசியதற்காக எருது கூடுதலாக உழுவதில்லை. மேலும் ஒன்று பெறலாம் என்னும் எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் செலுத்தப்படுவது அந்த நன்றி.

எருதுக்கு மாலையிட்டவர், எருதின் பின்னே ஏரைப் பிடித்தவரை நினைத்தாரா? நாற்று நட்டவரை, களை பறித்தவரை, கதிர் அறுத்தவரை நினைத்தாரா? ஆண்டு முழுவதும் கூலியைக் குறைத்துவிட்டுப் பொங்கலன்று ஒரு வேட்டியை நீட்டினால் அதற்கு நன்றி என்று பெயராகுமா? உரியதைக் கொடுத்த பின்னரே நன்றி தொடங்குகிறது. வள்ளுவர் நடுவு நிலைமையை நன்றியின் பக்கத்தில் நிறுத்தியதன் பயன் இதுவே.

இலக்கிய அமைப்புகளுக்கும் இதில் பாடம் உண்டு. நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை கடைசியில் நிற்கிறது. அதற்குள் பாதி நாற்காலிகள் காலியாகிவிடுகின்றன. புரவலர் பெயர் மும்முறை ஒலிக்கிறது. மெய்ப்புத் திருத்தியவர், பாய் விரித்தவர், தேநீர் கொணர்ந்தவர் பெயர்கள் 'மற்றும் அனைவருக்கும்' என்பதில் அடங்கிவிடுகின்றன. அந்த 'அனைவரும்' யார் யார் என்று அறிவதே அறிதல்.

வரும் காணும் பொங்கலன்று, இனி எந்த உதவியும் செய்ய இயலாத நிலையிலுள்ள ஒருவரை, முதுமையுற்ற ஆசிரியரையோ பணி ஓய்ந்த அச்சுத் தொழிலாளியையோ, தேடிச் சென்று காண்பவர் பொங்கலை முழுமையாகக் கொண்டாடியவர் ஆவார். அவர் கவிஞராயின், அவர் பாட்டும் யார் முன்னும் கூனாது.