பேனா அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

(நமது குடியிருப்பு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் கதை எழுதும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். எழுதியதைத் தயக்கத்தோடு கொண்டுவந்து, "படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க அங்கிள்" என்கிறார்கள். அப்போது பெரியவர்களான நாம் எப்படி உதவலாம் என்பது பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறேன்.

ரேமண்ட் கார்வர் என்ற அமெரிக்கச் சிறுகதையாளரைச் சிலர் படித்திருப்பீர்கள். அவருக்கு இரண்டு வழிகாட்டிகள் அமைந்தார்கள்.

முதலாமவர் ஜான் கார்ட்னர். கலிபோர்னியாவில் சிகோ என்ற ஊரின் கல்லூரியில் ஆசிரியர். 1959இல் அவரிடம் படிக்க வந்த கார்வருக்கு வயது 21. அதற்குள் இரண்டு குழந்தைகள். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து எழுத இடமில்லை. கார்ட்னர் தம் அலுவலக அறைச் சாவியையே கொடுத்து, வார இறுதியில் வந்து எழுதிக்கொள்ளச் சொன்னார். கதைகளை வரி வரியாகப் படித்தார். வேண்டாத சொற்களை அடித்தார். சில வாக்கியங்களுக்கு அடைப்புக்குறி போட்டு, அவற்றைப் பற்றிக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல வரிகளை நன்றாக இருக்கிறதென்று குறித்தும் வைத்தார்.

இரண்டாமவர் கார்டன் லிஷ் என்ற பதிப்பாசிரியர். கார்வரின் பெயர் வெளியே தெரியக் காரணமானவர். அதை மறுக்க முடியாது. ஆனால் 1981இல் வந்த தொகுப்பில், கார்வர் எழுதியதில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். புத்தகத்தை நிறுத்தும்படி கார்வர் மன்றாடிக் கடிதம் எழுதியும் அது அப்படியே வெளிவந்தது. பெரும் புகழும் பெற்றது.

அதில் ஒரு கதை, பிறந்தநாளன்று கார் மோதி மயங்கிக் கிடக்கும் சிறுவனைப் பற்றியது. கார்வர் எழுதியபடி, மகனை இழந்த பெற்றோருக்கு பேக்கரிக்காரர் சூடான ரொட்டி கொடுத்து உட்கார வைக்கிறார். லிஷ் அந்த முடிவையே எடுத்துவிட்டார். கார்வர் பின்னர் அந்த முடிவோடு கதையை வெளியிட்டார். அதற்கு 1983இல் ஓ. ஹென்றி முதல் பரிசு கிடைத்தது. தொகுப்பு முழுவதன் மூல வடிவம் நூலாக வந்தது 2009இல். கார்வர் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு.

நான் வங்கி கவுண்டரில் இருந்த காலத்தில், காசோலையில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதை எழுதியவரேதான் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் சுட்டிக்காட்டலாம், திருத்தக் கூடாது. கதைக்கும் அதுவே சரியான விதி.

ஆகவே, கதையை இரண்டு முறை படியுங்கள். முதலில் பிடித்த இடத்தைச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் "இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்?" என்று கேளுங்கள், பதிலை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்த முடிவு வேறு, அந்தக் கதைக்கு உரிய முடிவு வேறு. "இதெல்லாம் சோறு போடுமா?" என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலக அறை ஞாயிறு காலையில் பூட்டியே கிடக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு எழுதும் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுங்கள். பொறுப்புக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.