அருவி நிறையும் மாதம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



மலைநாட்டுக்கு ஓர் உல்லாசப் பயணம் போவதற்கு எப்படித் திட்டம் போடுவது என்பது பற்றி இன்று பேசப்போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் இது என்ன பேச்சு என்று நேயர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்டால், இதுவும் இலக்கியத்தில்தான் வந்து முடிகிறது என்பது விளங்கும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் என்னோடு பணியாற்றும் நண்பர் ஒருவர், "அண்ணை, எல்ல உங்கட ஊர்ப்பக்கம்தானே? டிசம்பரிலை பிள்ளையளுக்கு லீவு. அருவியளும் அப்ப நல்லா நிறைஞ்சிருக்குமாம். நல்ல ஹோட்டலாப் பாத்து மூண்டு நாளைக்கு ஒரு திட்டம் போட்டுத் தாங்கோவன்" என்று கேட்டார். நான் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். தங்கை இன்றும் அங்கேதான் குடும்பத்தோடு இருக்கிறாள். நான் ஒப்புக்கொண்டதில் வியப்பில்லை. சொந்த ஊரை ஒருவர் பார்க்க விரும்பினால் யாருக்குத்தான் பெருமை வராது?

அன்றிரவே தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் நாள், கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைப் புகையிரதம். எங்கள் சனங்கள் அதைக் கோச்சி என்பார்கள். 1924ஆம் ஆண்டில் பதுளை வரை நீண்ட அந்தப் பாதை, தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் தேவையால் வளர்ந்தது. இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் வருபவர்கள் அதன் வாசற்படியில் நின்று படம் எடுக்கிறார்கள். எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையில் 1921ஆம் ஆண்டில் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. தெமோதரவில் தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து வந்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துள் நுழைகிறது.

இரண்டாம் நாள் அருவிகள். 'எல்ல' என்ற சிங்களச் சொல்லின் பொருளே அருவிதான். வெல்லவாய வீதியோரத்தில் இராவணன் பெயர் தாங்கிய அருவி, பதுளைக்கு அருகே சுமார் 64 மீற்றர் உயரத்திலிருந்து புகை போலத் தூவும் துன்ஹிந்த, கொஸ்லந்தைப் பக்கம் 220 மீற்றர் தியலும, கலுப்பஹனையில் நாட்டிலேயே உயரமான 263 மீற்றர் பம்பரகந்த. நான்கும் பதுளை மாவட்டத்துக்குள்ளேயே. மூன்றாம் நாள் அப்புத்தளை. தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே, லிப்டன் துரை உட்கார்ந்து தன் தேயிலைமலைகளைப் பார்த்தார் என்று சொல்லப்படும் மேடு. தங்குவதற்குப் பழைய துரை பங்களா ஒன்று. அவற்றுள் சில இப்போது உயர்தர ஹோட்டல்கள். ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் மாதக் கூலியை விஞ்சிய ஓரிரவு வாடகை வாங்கும் இடங்களும் உண்டு. அந்த இடத்தில் பேனா சற்றுத் தயங்கியது. ஆனாலும் எழுதிவிட்டேன். திட்டத்தை மறுநாள் நண்பரிடம் கொடுத்தேன். அவர் டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு அறை பதிவு செய்தார்.

நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கரை ஏறியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களை வெள்ளமும் மண்சரிவும் கொண்டுபோயின. பதுளை மாவட்டமும் பெருந்துயரைக் கண்டது. புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்தது. தங்கையின் தொலைபேசி இரண்டு நாள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே எடுத்தாள். "அண்ணே, பயப்படாதீங்க. லயத்துக்குப் பின்னால மண்ணு எறங்கிருச்சு. ராத்திரியே புள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு வந்துட்டோம். காம்பராவுல இருந்த சாமான்தான் போச்சு" என்றாள். பிறகு, "தண்ணி எங்க பார்த்தாலும் பீலி மாதிரி ஊத்துது அண்ணே" என்றாள்.

பீலி என்பது தோட்டத்தில் நாங்கள் குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் பிடிக்கும் இடம். மலையிலிருந்து வரும் ஓடைக்கு ஒரு தகரத்தையோ மூங்கிலையோ வைத்தால் அது பீலி. அருவி என்றால் என் சிறுவயதில் எனக்கு அதுதான். அந்தச் சொல் அச்சத்தோடு ஒலித்ததை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

நேயர்களே, இங்கேதான் இலக்கியம் வருகிறது. குறிஞ்சித் திணைக்கு நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அதாவது ஐப்பசி தொடங்கித் தை வரை. சிறுபொழுது யாமம், நள்ளிரவு. மலை அழகு மிகுந்து, அருவி நிறைந்து, தலைவன் தலைவியைத் தேடி வரும் காலம் அது. வடகீழ்ப் பருவக்காற்றால் பெருமழை பெறும் ஊவாவுக்கும் அதுவே மழைக்காலம். துன்ஹிந்த பொங்குவது அப்போதுதான். ஆடி, ஆவணியில் வரண்ட காற்று அடிக்கும்போது அருவிகள் மெலிந்துவிடும். உலகச் சந்தையில் பெயர் பெற்ற ஊவாத் தேயிலையின் தனி மணம் அந்த வரட்சியில்தான் பிறக்கிறது. அருவி மெலியும் காலத்தில் தேயிலைக்கு மதிப்பு. அருவி நிறையும் காலத்தில் லயத்துக்கு அச்சம். பழைய புலவர் குறித்த அதே கூதிர் யாமத்தில், எங்கள் தாய்மார் விழித்திருந்து பின்பக்கத்து மண்மேட்டுக்குக் காது கொடுக்கிறார்கள்.

இது டித்வாவோடு வந்த அச்சமன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு காணி இல்லை. தியலும அருவி கொஸ்லந்தைப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் திட்டத்தில் தியலும இருந்தது. மீரியபெத்தை இல்லை. அதை எழுதாமல் விட்டவன் வெளியூரான் அல்லன், நான்தான்.

பதுளைப் புகையிரத நிலையத்தையும் அப்படித்தான் எழுதினேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் எங்கள் சனங்களை அந்த மேடையில் கொண்டுவந்து நிறுத்தின. நான் சிறுவனாக இருந்தபோது பெரியம்மா குடும்பம் தலைமன்னாருக்குப் போக அங்கே ஏறியது. வண்டியில் இருந்தவர்களும் அழுதார்கள், கீழே நின்றவர்களும் அழுதார்கள். அதை அழுகைக் கோச்சி என்றே சொன்னார்கள். குறிஞ்சிக்குரிய பொருள் புணர்தல் என்று பின்னாளில் வகுப்பில் படித்தேன். எங்கள் குறிஞ்சியிலோ, பாலைக்குரிய பிரிவும் சேர்ந்தே குடியிருந்தது.

இவற்றை எழுத்தில் வைத்தவர்கள் உண்டு. ஹாலி எலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்து 2022ஆம் ஆண்டு மறைந்த ஜோசப், தாம் ஆசிரியராகப் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துத் தெளிவத்தை ஜோசப் ஆனார். 'நாமிருக்கும் நாடே' என்ற அவருடைய சிறுகதைத் தொகுதியைப் படித்தவருக்கு, புகையிரத யன்னலில் தெரியும் அந்த நீண்ட தகரக் கூரைகள் வெறும் காட்சியாகத் தெரியமாட்டா. ஒரு நாட்டைப் பார்க்கப் போகிறவர் வழிகாட்டிப் புத்தகத்தோடு அந்த மண்ணின் கதைப் புத்தகம் ஒன்றையும் கொண்டுபோவது நல்லது என்பது என் எண்ணம்.

டிசம்பர்ப் பயணம் நின்றுபோயிற்று. நண்பர் பதிவுப் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. "அதை உங்கட தங்கச்சியாக்களின்ர பக்கம் நிவாரணத்துக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டன்" என்றார். சில வாரங்கள் கழித்து, "அண்ணை, இனி எப்ப போகலாம்?" என்றும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு உவப்பாகவே இருந்தது. போகவேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆட்டோ ஓட்டும் பையனும், துன்ஹிந்தப் பாதையில் பெலிமல் பானம் விற்கும் அம்மாவும், ஹோட்டலில் வேலை செய்யும் என் தங்கை மகனும் வருகிறவர்களை நம்பித்தான் இருக்கிறார்கள். பழம் பாடல்களில், இரவில் மழைவழியே வரும் தலைவனுக்கு வழியின் ஏதத்தைத் தோழி எடுத்துச் சொல்வாள். அவளும் அவனை வரவேண்டாம் என்பதில்லை. அந்த நேரத்தில், அந்த வழியில் வரவேண்டாம் என்கிறாள்.

ஆகவே புதிய திட்டம் ஒன்று எழுதினேன். மாசி, பங்குனியில் போங்கள். பெருமழை ஓய்ந்திருக்கும், அருவியில் தண்ணீரும் இருக்கும். புறப்படுமுன் கோச்சி எதுவரை ஓடுகிறது என்று கேளுங்கள். மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள். இரண்டாம் நாள் கொஸ்லந்தையில் சற்று நில்லுங்கள். மூன்றாம் நாள் மாலை எங்கள் தோட்டம். படம் எடுக்க வேண்டாம். இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு சாயம் குடித்துவிட்டு வாருங்கள்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வரட்டும் அண்ணே. ஆனா உக்கார வைக்க எடம் எங்க? நாங்க இன்னும் ஸ்கூல்லதானே இருக்கோம்" என்றாள்.

திட்டத்தின் அந்தக் கடைசி வரியை நான் இன்னும் அழிக்கவில்லை. அவளுக்கு ஓர் இஸ்தோப்பு கிடைத்த பிறகுதான் திகதி எழுதுவேன்.